மேட்டுக்குழிக்கு வந்த பனி ஹெல்மெட்

மலையடிவாரத்தில் மேட்டுக்குழி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே மேடும் கிடையாது, குழியும் கிடையாது. பேர் வைத்தவனும் அந்த ஊர்க்காரன்தான் என்பதால் அதைப் பெரிசுபடுத்த வேண்டாம். மற்றபடி தங்கமான ஜனங்கள். சொன்ன சொல்லைத் தட்ட மாட்டார்கள். யார் சொன்னாலும் தட்ட மாட்டார்கள். அதுதான் அவர்களைப் பிடித்த சனியன்.

பஸ் டிரைவர் ஒருவனுக்கு அந்த ஊரில் பெண் கொடுத்தார்கள். ‘ஓட்டுநரிடம் பேசக் கூடாது’ என்று பஸ்ஸில் எழுதியிருப்பதை எல்லாரும் படித்திருந்தார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து மாமனார், மாமியார், மச்சினன் ஒருத்தரும் அவனிடம் வாயைத் திறக்கவில்லை. அவனைக் கேட்டால், இப்படி ஒரு மாமியார் வீடு யாருக்கு அமையும் என்கிறான்.

ஊர்த் தலைவர் பேர் பெத்தணசாமி. கோயில் திருவிழாவில் முதல் பரிவட்டம் அவர் தலைக்குத்தான். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தலைவர் தலையில் ஏறியதை விடப் பெரிசாக எதுவும் ஊரில் இன்னொருத்தன் தலையில் ஏறக் கூடாது என்று அவர் அப்பா காலத்தில் ஒரு கட்டுப்பாடு போட்டுவிட்டார்கள். வைக்கோல் கட்டைச் சுமந்து வருகிறவர்கள்கூடத் தலைவர் வீட்டுத் தெரு வந்ததும் கட்டை இறக்கி உருட்டிக்கொண்டு போவார்கள். அந்தத் தெருவைத் தாண்டியதும் மறுபடி தூக்கித் தலையில் வைத்துக்கொள்வார்கள். மரியாதை என்றால் மரியாதைதானே!

பெத்தணசாமிக்கோ தலை சின்னது. எலுமிச்சம்பழத்துக்கு அண்ணன், தேங்காய்க்குத் தம்பி. அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

நம்ம ஆள் மாசிலாமணிக்குத் தலை பெரிசு. அவன் அப்பாவுக்கும் பெரிசு, தாத்தாவுக்கும் பெரிசு. உள்ளே என்ன இருக்கிறது என்பது வேறு பேச்சு. ஆனால் அந்தத் தலை மேல் அவனுக்குக் கொள்ளை ஆசை. அதற்கு இப்போது ஆபத்து வந்துவிட்டது.

மலை மேலே இருக்கிற எஸ்டேட்டில் வருஷா வருஷம் கோயில் கொடைத் திருவிழா அன்று சைக்கிள் போட்டி வைப்பார்கள். உச்சியிலிருந்து பாறையும் பள்ளமுமான சரிவில் சைக்கிளிலேயே அடிவாரம் வரை இறங்க வேண்டும். முதலில் வருகிறவனுக்குக் கிடா. போன வருஷம் மேட்டுக்குழி சார்பில் ஒச்சப்பன் போனான். சைக்கிள் முதலாவதாக வந்தது. ஒச்சப்பன்தான் வரவில்லை. அவனைப் பாதி மலையில் பொறுக்கி எடுத்து வந்து போட்ட மாவுக்கட்டு இன்னும் முழுசாகப் பிரிக்கவில்லை.

இந்த வருஷம் யார் என்று ஊர்க்கூட்டம் போட்டார்கள். கூட்டத்துக்கு வராதவன் பேரை எழுதுவதுதான் மேட்டுக்குழி வழக்கம். அன்றைக்கு மாசிலாமணி, ஏழு மாசக் கர்ப்பிணியான பெண்டாட்டி தவமணியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தான். திரும்பி வந்தபோது ஊரே அவனுக்குக் கைகொடுத்தது.

“என்னைக் கேக்காம எழுதிட்டீங்களே சித்தப்பு?” என்றான் சடையாண்டியிடம். சடையாண்டி ஊர்ச் செயலாளர், எதற்கும் நியாயம் வைத்திருப்பவர்.

“உன்னைக் கேட்டா நீ மாட்டேன்னு சொல்லுவே. அப்புறம் எப்படி எழுதுறது?”

யோசித்துப் பார்த்தான் மாசிலாமணி. சித்தப்பு சொல்வது சரியாகத்தான் பட்டது. ஆனாலும் ஒரு கவலை. பிறக்கப் போகிற பிள்ளை அப்பன் முகத்தைப் பார்க்க வேண்டாமா? முகம் இருக்க வேண்டுமென்றால் அதற்கு மேலே மண்டை இருக்க வேண்டுமே! பிரசவத்துக்குத் தாய்வீடு கிளம்பிய தவமணியைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து, கண்ணாடி முன்னால் வெகுநேரம் தன் தலையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

எஸ்டேட்காரர்கள் இந்த வருஷம் ஒரு விதி போட்டிருந்தார்கள். தலைக்கு ஹெல்மெட் இல்லாமல் எவனும் சைக்கிளில் ஏறக் கூடாது, உடம்புக்கும் கவசம் இருந்தால் நல்லது. ‘அப்பாடா, சாமி கண் திறந்தது’ என்று மாசிலாமணி நினைத்தான். பாவம், ஹெல்மெட்டைத் தேர்வு செய்யப் போவது யார் என்பதை அவன் நினைத்துப் பார்க்கவில்லை.

மலை டவுனில் பெஞ்சமின் என்பவர் இந்தச் சாமான்களுக்கென்றே கடை வைத்திருந்தார். தலைவர், சடையாண்டி, மாசிலாமணி மூன்று பேரும் போய் இறங்கினார்கள். பெஞ்சமின் நல்ல மனிதர். வாங்க வாங்க என்று சொல்லி, சைக்கிள் ஹெல்மெட் ஒன்றை எடுத்துக் கண்ணாடிப் பலகை மேல் வைத்தார்.

சடையாண்டி அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் சுருங்கியது.

“என்னய்யா இது, ஓட்டை ஓட்டையா இருக்கு?”

“காத்துப் போறதுக்குங்க. மலையில மிதிக்கும்போது தலை சூடாகும்ல?”

“ஓட்டைக் குடத்தைக் காசு கொடுத்து வாங்குவமா? ஓட்டைக் குடையை வாங்குவமா? கிராமத்து ஆளுகன்னா தலைக்கு மட்டும் ஓட்டைச் சாமானைத் தள்ளிவிடலாம்னு பாக்குறீரா?”

“சித்தப்பு சொல்றதும் நியாயம்தான்,” என்றான் மாசிலாமணி. ஓட்டை வழியாகக் கல் உள்ளே வந்தால் என்ன ஆவது என்று அவனுக்கும் தோன்றிவிட்டது.

மேல் தட்டில் ஒரு ஹெல்மெட் இருந்தது. கறுப்பாக, வழவழவென்று, பேருக்குக்கூட ஓர் ஓட்டை கிடையாது. தலைவர் கையை நீட்டி அதைக் காட்டினார்.

“ஐயா, அது பனியில சறுக்கி விளையாடுறவங்க போடுறது,” என்று பெஞ்சமின் பதறினார். “இமயமலைப் பக்கம் போற பசங்க கேட்டாங்கன்னு வரவழைச்சேன். உள்ளே முழுக்கக் கம்பளி. பனியிலதான் போடணும். நம்ம ஊர் வெயில்ல போட்டா மண்டை வெந்துரும்.”

“பனி வேணும், அவ்வளவுதானே?” என்றார் தலைவர். “அதை நாங்க ஏற்பாடு பண்ணிக்கிறோம். எடும்.”

பெஞ்சமின் மாசிலாமணியின் தலையைப் பார்த்தார். இருப்பதிலேயே பெரிய அளவாகப் பார்த்து எடுத்து வந்தார். சடையாண்டிக்கு மூச்சே நின்றுவிட்டது.

“அடப்பாவி! தலைவரை வச்சுக்கிட்டே இவ்வளவு பெரிசை எடுத்து நீட்டுறீரே! முதல்ல தலைவருக்கு அளவு எடும்.”

“போடப் போறது இந்தத் தம்பிதானே?”

“போடுறது யாரா இருந்தா என்ன? அளவு தலைவர் அளவு.”

பெஞ்சமின் வாதாடிப் பார்த்தார். பிறகு, வியாபாரத்தில் இதெல்லாம் சகஜம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான அளவிலிருந்து ஒன்றை எடுத்தார். தலைவருக்கு அது அம்சமாகப் பொருந்தியது. மாசிலாமணி தலையில் வைத்தபோது பூசணிக்காய் மேல் கவிழ்த்த டம்ளர் மாதிரி உச்சியில் உட்கார்ந்துகொண்டது.

“தலைவரே, கொஞ்சம் இறுக்கமா…” என்று இழுத்தான் மாசிலாமணி.

“இறுக்கமாத்தான் இருக்கணும்னு கடைக்காரரே சொல்லுவாரு. என்னங்க?” என்றார் தலைவர்.

“இறுக்கமா இருக்கணும், ஆனா இப்படி இல்லைங்க!” என்று பெஞ்சமின் தலையில் அடித்துக்கொண்டார். “சரியான அளவுன்னா, புருவத்துக்கு மேல ரெண்டு விரல் இருக்கணும். தாடைக்கும் வாருக்கும் நடுவில ஒரு விரல் இருக்கணும். வேற அளவு பாருங்கய்யா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

சடையாண்டி இதை மனப்பாடம் செய்துகொண்டார். புருவத்துக்கு மேல் ரெண்டு விரல், தாடைக்குக் கீழ் ஒரு விரல். வேற அளவு பாருங்கள் என்பது அவர் காதில் விழவில்லை.

உடம்புக் கவசமும் ஒரு மூட்டை வாங்கினார்கள். முதுகுக்கு ஆமை ஓடு போல ஒன்று, மார்புக்கு ஒன்று, முழங்காலுக்கும் முழங்கைக்கும் கனத்த பட்டைகள். அவற்றைப் பார்த்ததும் மாசிலாமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பஸ்ஸில் வரும்போது மூட்டையை மடியை விட்டு இறக்கவே இல்லை.

ஊருக்கு வந்ததும் கவசத்தை எங்கே போடுவது என்று கூட்டம் கூடியது. அனுபவசாலி என்பதால் ஒச்சப்பனைக் கட்டிலோடு தூக்கி வந்து நடுவில் வைத்தார்கள்.

“ஒச்சப்பா, மறைக்காமச் சொல்லு,” என்றார் சடையாண்டி. “போன வருஷம் உன்னை அடிச்சது எது?”

“பாறைதான். முதல்ல ஒரு குண்டுப்பாறை. அப்புறம் கூனல் பாறை. அதுக்கப்புறம் இன்னொண்ணு. அதுக்குமேல நினைவில்லை.”

“நீ தேடிப்போய் அதுகளை அடிச்சியா?”

“நான் எதுக்கு மாமா அடிக்கப் போறேன்? நான் பாட்டுக்குத்தான் போனேன்.”

“கேட்டீங்களா!” சடையாண்டி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். “தப்புப் பண்ணுனது பாறை. கட்டுறதுன்னா அதைக் கட்டணுமா, இவனைக் கட்டணுமா? தெருவில முட்டுற மாடு திரிஞ்சா மாட்டுக்குத்தானே கொம்புல துணி சுத்துவோம்? ஊர்ல இருக்கிற அத்தனை பேருக்குமா மெத்தை கட்டிவிடுவோம்?”

இப்படி ஒரு நியாயத்தை அந்த ஊர் கேட்டதில்லை. தலைவர் எழுந்து சடையாண்டிக்குத் துண்டு போர்த்தினார். அன்று மத்தியானமே நாலு பேர் மலையேறி, குண்டுப்பாறைக்கு முதுகுக் கவசத்தையும் கூனல் பாறைக்கு மார்புக் கவசத்தையும் கட்டிவிட்டு, சில்லறைப் பாறைகளுக்கு முழங்கால் பட்டை போட்டுவிட்டு வந்தார்கள்.

“எனக்கு முழங்காலுக்காவது ஒண்ணு வச்சிருக்கலாமே,” என்றான் மாசிலாமணி, அழாத குறையாக.

“உனக்கு எதுக்குடா? நீ யாரை அடிக்கப் போறே?” என்றார் சடையாண்டி.

மாசிலாமணி காலி மூட்டைத் துணியை மடித்து எடுத்துக்கொண்டு போனான்.

போட்டி நாள் வந்தது. ஒரு வியாழக்கிழமை. மீன்கடைப் பெட்டியிலிருந்து ஒரு சாக்கு ஐஸைக் கட்டி உச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள். பனி வந்துவிட்டதில் தலைவருக்கு ஏகப் பெருமை. ஐஸை உடைத்து ஹெல்மெட்டுக்குள் போட்டு மாசிலாமணி தலையில் கவிழ்த்தார்கள். இருந்த இடத்திலேயே அவனுக்குப் பல் தந்தியடித்தது. சுற்றிலும் கெண்டை மீன் நாற்றம்.

சடையாண்டி குனிந்து புருவத்தைப் பார்த்தார். புருவத்துக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே இரண்டு விரலா? ஒரு சாண் வெறும் நெற்றி பளபளவென்று கிடந்தது.

“கீழ இறங்கணும். விளக்கெண்ணெய் கொண்டாங்கப்பா.”

காது மடலெல்லாம் எண்ணெய் தடவி, அவனைத் தரையில் உட்கார வைத்து, இரண்டு பேர் தோளை அமுக்கிக்கொள்ள, உலக்கையால் மெதுவாகத் தட்டி இறக்கினார்கள். மெதுவாக என்பது தட்டியவர்கள் சொன்னது. கண் இரண்டும் மேலே ஏறி, கன்னமெல்லாம் கீழே பிதுங்கி, மாசிலாமணி வேறு ஆளாகிவிட்டான். வாரை இழுத்துக் கட்டினார்கள். அசைத்துப் பார்த்தால் ஹெல்மெட் ஆடவில்லை, தலையும் ஆடவில்லை.

“இப்ப வைங்க ரெண்டு விரலை,” என்றார் சடையாண்டி.

“யார் விரலை?” என்றார் ஒருவர்.

இது லேசுப்பட்ட கேள்வி இல்லை.

“என்ன கேள்வி கேக்குறே?” என்று தலைவர் மீசையைத் தடவினார். “என் விரல் இருக்கும்போது இந்த ஊர்ல வேற எவன் விரலாவது அங்கே ஏறுமா?”

“அதானே!” என்றார் சடையாண்டி. “ஆனா தலைவரே, விரல் ‘இருக்கணும்’னு கடைக்காரரு சொல்லியிருக்காரு. வச்சுப் பாத்துட்டு எடுத்துரணும்னு சொல்லலை. அடிவாரம் போற வரைக்கும் இருக்கணும்.”

தலைவர் மீசையிலிருந்து கையை எடுத்தார். சரிவை எட்டிப் பார்த்தார். ஒரு நிமிஷத்தில் அவர் முகத்தில் மாசிலாமணியின் கவலை அப்படியே குடியேறியது. ஆனால் மரியாதை என்று கேட்டு வாங்கிவிட்டால் திருப்பிக் கொடுக்க முடியுமா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சைக்கிளின் ஹேண்டில்பார் மேல் மாசிலாமணியைப் பார்த்தபடி ஏறி உட்கார்ந்து, புருவத்துக்கு மேல் இரண்டு விரலை வைத்தார். பின் கேரியரில் சடையாண்டி ஏறி, முன்னால் கையை விட்டு, தாடைக்குக் கீழ் ஒரு விரலைச் சொருகிக்கொண்டார்.

போட்டி நடத்துகிற எஸ்டேட்காரர் விசிலை வாயில் வைத்தவர் ஊதவே மறந்துவிட்டார். கடைசியில் அவருக்கு இருமல் வந்துதான் விசில் அடித்தது.

அப்புறம் நடந்ததை மாசிலாமணியைத்தான் கேட்க வேண்டும், ஆனால் அவன் எதையும் பார்க்கவில்லை. எதிரே தலைவரின் வயிறு மறைத்தது. ஐஸ் உருகி விளக்கெண்ணெயோடு கலந்து கண்ணுக்குள் இறங்கியது. பிரேக் பிடிக்கலாம் என்றால் அது தலைவரின் தொடைக்கு அடியில் அகப்பட்டிருந்தது. ‘ஐயோ என் பிள்ளை, ஐயோ என் தலை’ என்று அவன் மாறி மாறிக் கத்தினான்.

“தலைவரே, வழி எப்படி இருக்கு?” என்று பின்னாலிருந்து சடையாண்டி கேட்டார்.

பின்புறம் பார்த்து உட்கார்ந்திருந்த தலைவர், “தாண்டி வந்த வழியெல்லாம் நல்லாத்தான் இருக்கு!” என்றார்.

குண்டுப்பாறையில் மோதினார்கள். பொத்தென்றது, ஒன்றும் ஆகவில்லை. கூனல் பாறையில் மோதி எகிறினார்கள். அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. “பாத்தீங்களா, அடங்கிருச்சு!” என்று சடையாண்டி கூவினார். சொல்லப்போனால் அவர் நியாயம் அதுவரை ஜெயித்துக்கொண்டுதான் வந்தது.

அடிவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு புளியமரம் இருக்கிறது. ஒச்சப்பன் போன வருஷம் அவ்வளவு தூரம் வந்து சேரவில்லை. அதனால் அதைப் பற்றி யாருக்கும் அவன் சொல்லவில்லை, அதற்கு யாரும் ஒன்றும் கட்டவில்லை.

மோதிய வேகத்தில் தலைவர் பறந்து போய் எருக்குழியில் விழுந்தார். சடையாண்டி வாருக்குள் மாட்டிய விரலோடு மாசிலாமணியின் முதுகில் தொங்கினார். மாசிலாமணியின் தலை நேராக மரத்தில் போய் ‘டொக்’ என்றது. சைக்கிள் தனியாக உருண்டு போய் இந்த வருஷமும் முதலாவதாக வந்தது. ஆள் இல்லாத சைக்கிளுக்குக் கிடா கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

மாசிலாமணி எழுந்து உட்கார்ந்தான். கையால் தடவினான். மூக்கு இருந்தது, வாய் இருந்தது. ஹெல்மெட்டில் முன்னிருந்து பின்வரை ஒரு விரிசல். உள்ளே தலை பத்திரமாக இருந்தது.

“தலை இருக்கு! சித்தப்பு, என் தலை இருக்கு!” என்று அழுதுகொண்டே சிரித்தான்.

எஸ்டேட்காரர் ஜீப்பில் ஓடி வந்தார். பேர் கேட்டார், ஊர் கேட்டார், கண்ணுக்கு முன்னால் விரலை ஆட்டிக் கேட்டார்.

“மூளைக்கு ஒண்ணும் ஆகலைன்னு நினைக்கிறேன். முன்னாடி எப்படி இருப்பாரு?”

“இப்படியேதான் இருப்பான்,” என்றார் சடையாண்டி.

“அப்பச் சரி. ஆனா ஒண்ணு. பலமா அடி வாங்குன ஹெல்மெட் மறுபடி உதவாது. ஆசைப்பட்டு வீட்டுல வச்சிருக்காதீங்க. நேரா குப்பையில போட்டுருங்க.” இவ்வளவுதான் அவர் சொன்னது. ஜீப் ஏறிப் போய்விட்டார்.

மேட்டுக்குழிக்காரர்கள் ஹெல்மெட்டைக் கழற்றப் பார்த்தார்கள். நாலு பேர் ஹெல்மெட்டைப் பிடித்து இழுக்க, நாலு பேர் காலைப் பிடித்து இழுத்தார்கள். மாசிலாமணி கொஞ்சம் நீளமானானே தவிர ஹெல்மெட் வரவில்லை. எருவைத் துடைத்துக்கொண்டு வந்த தலைவர் கூட்டத்தைக் கூட்டினார். சொன்ன சொல்லைத் தட்டுகிற ஊரா அது? மாசிலாமணியைத் தூக்கிக்கொண்டு நேராகக் குப்பைத் தொட்டிக்குப் போனார்கள்.

அங்கே இரண்டு தொட்டி இருந்தது. பச்சைத் தொட்டி மக்கும் குப்பைக்கு, நீலத் தொட்டி மக்காத குப்பைக்கு.

“ஹெல்மெட் மக்காது,” என்றார் தலைவர். “நீலத்துல போடு.”

“மாசிலாமணி மக்குவானே தலைவரே,” என்றார் சடையாண்டி. “சேத்துப் போட்டா எடுக்க மாட்டாங்க.”

கூட்டம் கவலையில் ஆழ்ந்தது. மாசிலாமணியும் ஆழ்ந்தான். பிறகு இரண்டு தொட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நெருக்கி வைத்து, தலையை நீலத்திலும் உடம்பைப் பச்சையிலும் விட்டு அவனைக் குறுக்கே படுக்க வைத்தார்கள். எல்லாருக்கும் திருப்தி.

விடிந்ததும் குப்பை வண்டி வந்தது. “மக்கும் குப்பை தனி, மக்காத குப்பை தனி” என்று ஒலிபெருக்கி பாடிக்கொண்டே வந்தது. வண்டிக்காரர் கொட்டாவி விட்டபடி, இறங்காமலே சொன்னார்: “இன்னைக்கு மக்காதது மட்டும்தான். பிரிச்சுக் குடுங்க.”

“அப்படின்னா தலை மட்டும்தான் இன்னைக்கு,” என்றார் தலைவர்.

மாசிலாமணிக்கு இப்போதுதான் விஷயம் புரிந்தது. “ஐயோ சித்தப்பு! மலையில தப்பிச்ச தலை சித்தப்பு!” என்று தொட்டிக்குள்ளிருந்து அலறினான். அது நீலத் தொட்டிக்குள் எதிரொலித்து ஏதோ பாட்டுப் போலக் கேட்டது. சடையாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டே ரம்பம் வாங்கி வர ஆள் அனுப்பினார்.

ரம்பம் வந்து சேர்ந்த நேரம், சேதி கேட்டு முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள் தவமணி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கூந்தல் அவிழ, தெருவே அதிர ஓடி வந்தாள். ரம்பத்தைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

“நிறுத்துங்கய்யா!” என்று ஒரு சத்தம் போட்டாள். வண்டிக்காரரே தூக்கம் கலைந்து எழுந்துவிட்டார். “உங்களுக்கெல்லாம் அறிவு இருக்கா? பெரிய மனுசங்கதானா நீங்க? இன்னைக்கு என்ன கிழமை?”

எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீட்டுப் பொருளை வெளியே தூக்கிக் குடுப்பாங்களா? வீடு விளங்குமா?”

கூட்டம் வெட்கித் தலைகுனிந்தது. இவ்வளவு பெரிய தப்பை எப்படிச் செய்யத் துணிந்தோம் என்று தலைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வேறு கிழமையில் வரச் சொல்லி வண்டிக்காரரிடம் கெஞ்சினார்கள். மக்காத குப்பைக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் முறை என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மாசிலாமணி இன்றைக்கும் அந்த இரண்டு தொட்டிக்கும் குறுக்கேதான் படுத்திருக்கிறான். தவமணி வேளை தவறாமல் சோறு கொண்டுவந்து ஊட்டிவிட்டுப் போகிறாள். கட்டினால் இப்படி ஒரு புத்திசாலியைக் கட்ட வேண்டும் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் அவன் கண் கலங்கச் சொல்கிறான்.